ரேடியேஷன் முடிந்து ஐந்து மாதம்: அம்மா யோகா செய்யலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 54, வந்தது மார்பகப் புற்றுநோய். இடது மார்பை எடுத்திருக்கிறார்கள், அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருக்கிறார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போது தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை மட்டும். ஆனால் காலையில் எழுந்ததிலிருந்தே அசதி, ராத்திரி தூக்கமில்லை, விரல் நுனியும் பாதமும் மரத்திருக்கின்றன, இடது கை காதுக்கு மேல் போகவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு யோகா வகுப்பு நடக்கிறது, சேர்த்துவிடலாமா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். இதற்கு நடுவே, "பிராணாயாமம் செய்தால் கேன்சர் திரும்ப வராது, மாத்திரையே வேண்டாம்" என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் வீடியோ மேல் வீடியோவாக அனுப்புகிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். புற்றுநோய் சிகிச்சை முடித்து வரும் பெண்களோடுதான் என் வேலையில் பெரும்பகுதி. யோகாவும் முறையாகப் படித்துச் சொல்லித்தருகிறேன். அம்மா யோகா செய்யலாம், தாராளமாக. ஆனால் நாளைக்கே அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டாம்.

சித்தப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கும், முக்கியமாகக் கொழுப்புத் திசுக்களில். அம்மாவுக்கு வந்த வகைப் புற்றுநோய் அந்த ஹார்மோனைத் தின்று வளர்வது. லெட்ரோசோல் அந்த உற்பத்தியைத் தடுக்கிறது. மூச்சுப் பயிற்சி எதுவும் இந்த வேலையைச் செய்யாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழியை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களிடம் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. சித்தப்பாவுக்கு இதை அனுப்புங்கள்.

அவர் பதிலுக்கு டாடா மருத்துவமனை ஆய்வைக் காட்டக்கூடும். 2022 டிசம்பரில் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, சான் அன்டோனியோ மார்பகப் புற்றுநோய் மாநாட்டில் ஓர் ஆய்வை முன்வைத்தது. யோகா செய்த பெண்களிடம் நோய் திரும்பாமல் இருப்பது 15 சதவீதமும், உயிர்வாழ்வு 14 சதவீதமும் மேம்பட்டதாக அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அந்தப் பெண்கள் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன், மாத்திரை எதையும் விடாமல் அதோடு சேர்த்து யோகா செய்தவர்கள் என்பது வீடியோக்களில் வருவதில்லை. ஒரே ஓர் ஆய்வை வைத்து யோகா ஆயுளை நீட்டும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். சிகிச்சை உடம்பில் விட்டுப்போன உபாதைகளுக்காகத்தான் யோகாவைச் சிபாரிசு செய்கிறேன். அதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது.

அசதியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்து களைத்தால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இந்த அசதி அப்படிப் போகாது. ஒரு வாளித் துணி அலசிவிட்டு மத்தியானம் வரை படுத்திருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களோ "அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன" என்பார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர் தலைமையில் 200 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது, 2014-இல் வெளியானது. சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுக்குள் இருந்தவர்கள், யோகாவுக்குப் புதியவர்கள். வாரம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம், 12 வாரம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது என்னவென்றால், வகுப்புகள் முடிந்த கையோடு அளந்தபோது அசதியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சுறுசுறுப்பு மட்டும் கூடியிருந்தது. அதற்கும் மூன்று மாதம் கழித்து அளந்தபோதுதான், யோகா குழுவில் அசதி, யோகா செய்யாத மற்றக் குழுவைவிட 57 சதவீதம் குறைவாக இருந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்களும் குறைந்திருந்தன. யார் வீட்டிலும் அதிகமாகப் பயிற்சி செய்தார்களோ அவர்களுக்குப் பலனும் அதிகம். ஆகவே "ஒரு மாசம் போனேன், ஒண்ணும் தெரியலை" என்று அம்மா சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

தூக்கத்துக்கு ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் 2013 ஆய்வு இருக்கிறது. 410 பேர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள். வாரம் இரண்டு முறை, 75 நிமிடம், நான்கே வாரம். மென்மையான ஆசனங்கள், மூச்சு, தியானம். தூக்கம் மேம்பட்டது, தூக்க மாத்திரை எடுப்பதும் குறைந்தது. லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளால் வரும் உடல் சூட்டுக்கும், குப்பென்று வேர்ப்பதற்கும் டியூக் பல்கலைக்கழகத்தில் 37 பெண்களை வைத்துச் சின்னதாக ஒன்று செய்தார்கள், அதிலும் குறைந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, 24 ஆய்வுகள், 2,166 பெண்கள் என்ற கணக்கோடு, எதுவும் செய்யாமல் இருப்பதைவிட யோகா செய்தால் அசதியும் தூக்கக் கோளாறும் குறைந்து வாழ்க்கைத் தரம் கூடுகிறது என்று ஒப்புக்கொள்கிறது. மற்ற உடற்பயிற்சியைவிட யோகா உசத்தி என்று மட்டும் அது சொல்லவில்லை. இதை யோகா ஆசிரியர்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்: அம்மாவுக்கு மொட்டை மாடியில் நடப்பதுதான் பிடிக்கும் என்றால் நடக்கட்டும். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது.

ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 9-இல் நின்றால், தைராய்டு குறைந்திருந்தால், பி12 இல்லாமல் போயிருந்தால், எந்த ஆசனமும் அந்த அசதியைப் போக்காது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். கீமோவில் சிவப்பு மருந்தோ (டாக்ஸோருபிசின் வகை) டிராஸ்டுசுமாப் ஊசியோ போட்டிருந்தால், இரண்டும் இதயத்தைத் தொடக்கூடியவை என்பதால், இதயத்தின் எக்கோ ஸ்கேன் கடைசியாக எப்போது எடுத்தது என்றும் பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்த பிறகு பயிற்சியை வடிவமைப்பது சுலபம்.

இனி தோள். ஐந்து மாதம் ஆகியும் கை காதுக்கு மேல் போகவில்லை என்றால், யோகா வகுப்புக்கு முன்னால் ஒரு பிசியோதெரபிஸ்ட் தொட்டுப் பார்க்க வேண்டும். அக்குளிலிருந்து முழங்கைப் பக்கம் தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று விறைத்து நிற்கிறதா, ரேடியேஷன் பட்ட இடத்தில் தோலும் தசையும் நெஞ்சோடு ஒட்டியிருக்கின்றனவா, தோள் மூட்டே இறுகிவிட்டதா என்பது ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. "கையை நல்லா தூக்குங்கம்மா" என்று பின்னாலிருந்து இழுத்துவிடும் ஆசிரியரிடம் போனால் கெட்டது.

பாதி வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கை வீங்கிவிடும் என்று பயமுறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒரு சொம்பு தண்ணீரைக்கூடத் தூக்க விடமாட்டார்கள். தோள் இறுகுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. வீக்கம் வரும் பயம் பொய்யில்லை. அக்குள் முடிச்சுகளை முழுவதுமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. ஆனால் கையை அசைப்பதால் வருவதில்லை அது. கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு எடை தூக்கும் பயிற்சியே கொடுத்தார்கள், மிக மெதுவாகக் கூட்டிக்கூட்டி. வீக்கம் அதிகமாகவில்லை. வீக்கம் முற்றித் தொந்தரவு கொடுப்பது பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதம், செய்யாதவர்களில் 29. மெதுவாகக் கூட்டினார்கள் என்பதுதான் இதில் விஷயம். முதல் நாளே அதோமுக சுவானாசனம், சதுரங்க தண்டாசனம் என்று உடம்பின் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் இறக்குவது வேறு கதை.

அம்மாவுக்கு ஒரு சுலபமான அளவுகோல் சொல்லிக்கொடுங்கள். பயிற்சி செய்த மறுநாள் காலை இடது கை வளையல் எப்போதும்போல் சுழல்கிறதா, ரவிக்கைக் கை பிடிக்கிறதா, கை கனக்கிறதா. பிடித்தால் முந்தைய நாள் செய்ததில் பாதியாகக் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளாகியும் இறங்கவில்லை என்றால் காட்ட வேண்டும். கம்ப்ரஷன் ஸ்லீவ் (வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் மாட்டும் இறுக்கமான உறை) கொடுத்திருந்தால் பயிற்சியின்போது போட்டுக்கொள்ளட்டும்.

எலும்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். லெட்ரோசோல் எலும்பை மெலியவைக்கும். முதுகைக் கூனி நெற்றியை முழங்காலில் தொட வைக்கும் பச்சிமோத்தாசனம், ஹலாசனம் போன்றவற்றால் எலும்பு மெலிந்தவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கியதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். டெக்ஸா முடிவு வரும்வரை இவை வேண்டாம். முதுகை நேராக வைத்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து குனிந்தால் போதும். சர்வாங்காசனம், சிரசாசனம் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பாதம் மரத்திருப்பது பாக்லிடாக்செல் வகைக் கீமோ மருந்தின் வேலையாக இருக்கும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும். ஆகவே நின்று செய்யும் எதுவாக இருந்தாலும் சுவரோரமாக. டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் விருட்சாசனம் நிற்கச் சொல்லாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? இருபது நிமிடத்துக்கு என் வழக்கம் இது. கை இல்லாத நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்காரட்டும். மூக்கால் மூச்சு இழுத்து, இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக விடட்டும், பத்துப் பன்னிரண்டு முறை. பிறகு தோளை மேலும் கீழும், பின்பக்கமாக வட்டமாகவும். இரண்டு கைகளையும் கோத்து, வலது கை இடது கையைத் தூக்கிப்போகும்படி மேலே கொண்டுபோகட்டும். மூச்சு இழுக்கும்போது மேலே, விடும்போது கீழே.

அடுத்தது சுவர். சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நின்று, இடது கை விரல்களை நண்டு ஏறுவதுபோல் சுவரில் மேலே ஏற்றவேண்டும். "இழுக்குது" என்கிற இடத்தில் நிறுத்தி மூன்று மூச்சு. "சுருக்குனு வலிக்குது" என்றால் இரண்டு விரல் கீழே இறங்கிவிட வேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை புதுக்கோடு. சில வாரம் கோடு ஏறாது, ஒன்றிரண்டு வாரம் இறங்கக்கூடச் செய்யும். தோள் காதருகே ஏறி, உடம்பு வலப்பக்கம் சாய்ந்து கோட்டைத் தொடுகிறதா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லாப் பெண்களும் முதலில் அந்தத் தில்லுமுல்லைச் செய்வார்கள். அதே சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, நெஞ்சை லேசாக முன்னால் கொண்டுவந்தால் அதுவே புஜங்காசனம். குப்புறப் படுத்து நெஞ்சுத் தழும்பை அழுத்த வேண்டியதில்லை.

கடைசியில் படுக்கை. பாயிலோ, கீழே உட்கார்ந்து எழ முடியாவிட்டால் கட்டிலிலோ மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழ் இரண்டு தலையணை. தரையில் படுக்க முடிந்தால் கெண்டைக்காலை நாற்காலி இருக்கையின் மேல் வைத்து, இடுப்புக்கடியில் மடித்த ஜமுக்காளம் ஒன்று. விபரீத கரணியின் சாதுவான வடிவம் இது. இடது கைக்கு அடியில் தோளிலிருந்து விரல் வரை ஒரு தலையணை கொடுங்கள். கை உடம்பைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். அசதி அதிகமான நாளில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், விடாப்பிடியான அசதி உள்ள 31 பெண்களுக்கு ஐயங்கார் முறையில் இப்படித் தாங்கல் வைத்துச் செய்யும் ஆசனங்களைத்தான் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது. எழும்போது வலப்பக்கம் ஒருக்களித்து, வலது முழங்கையை ஊன்றி, நிதானமாக.

பிராணாயாமத்தில் நாடிசுத்தி (ஒரு நாசி மாற்றி ஒரு நாசியால் மூச்சு விடுவது), பிராமரி (வண்டுபோல் ரீங்கரித்தபடி மூச்சு விடுவது) இரண்டும் போதும். பிராமரியில் மூச்சு தானாக நீளமாக வெளியே போகும், ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து மனசு எங்கெங்கோ ஓடும்போது கைகொடுக்கும். ஸ்கேன் எடுக்கும் வாரத்தில் இந்த விழிப்பு அதிகமாக வரும், அதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவைத்தால் பயம் குறையும். வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம் எதுவும் இப்போது வேண்டாம். சித்தப்பா வீடியோவில் எல்லாம் இதுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

யாரும் கேட்காத ஒன்று. ஒரு பக்கம் மார்பு இல்லாமல் அம்மா எப்படி நாலு பேர் நடுவில் டி-ஷர்ட் போட்டுப் போய் நிற்பார்? நிறையப் பெண்கள் வகுப்பை ஒரே வாரத்தில் நிறுத்துவது தோள் வலியால் இல்லை, இதனால்தான். சிலிக்கான் பேடு வைத்திருந்தால் காலைத் தூக்கிப் படுக்கும்போது அது கழுத்துப் பக்கம் நழுவும், கனக்கும், வேர்க்கும். பயிற்சி நேரத்துக்கு மட்டும் பருத்தித் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த இலேசான பேடு ஒன்றைப் பாக்கெட் உள்ள பிராவுக்குள் வைத்துக்கொள்ளலாம். தளர்வான குர்தா, மேலே ஒரு துப்பட்டா. வீட்டில் செய்வதென்றால் பேடு எதுவுமே தேவையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் இருவர் மட்டும். அந்த அறையில் கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களிடமே கேளுங்கள். பார்க்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதற்கு என்னிடம் ஒரே சோதனைதான். அம்மாவைப் பார்த்ததும் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எந்தப் பக்கம் ஆபரேஷன், முடிச்சு எடுத்தார்களா, என்ன மாத்திரை, எலும்பு எப்படி என்று கேட்டால் உட்காரலாம். கட்டண விவரத்தோடு நேராகச் சூரிய நமஸ்காரத்துக்குப் போனால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அந்தப் படிப்பைப் படித்த டாக்டர்கள், செலவும் கிடையாது. சென்னைக்கு வர முடிந்தால், யோகா ஆசிரியர் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தில் தனித்தனி ஆளுக்குத் தக்கபடி பயிற்சி அமைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கும்பலோடு செய்யும் வகுப்புக்கு ஆறு மாதம் கழித்துப் போய்க்கொள்ளலாம்.

சில அறிகுறிகள் தெரிந்தால் பாயைச் சுருட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். இடது கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றைக்கே மருந்து வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது. படுத்தாலும் விடாத முதுகு வலியோ இடுப்பு வலியோ சில வாரமாக இருந்தால் ஆசனத்தில் சரிசெய்யப் பார்க்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, நெஞ்சு படபடப்பது மூன்றும் இதயம் பார்க்க வேண்டிய அறிகுறிகள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் தாமதிக்காதீர்கள்.

கடைசி வரியில் உங்களைப் பற்றி ஒன்று கேட்டிருந்தீர்கள்: வயது 29, இப்போதிருந்தே யோகா செய்தால் எனக்கு வராமல் தடுக்குமா என்று. யோகா தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உடலுழைப்பு பொதுவாக அபாயத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. நடை, சைக்கிள், யோகா எதுவானாலும் சரி. அம்மாவுக்கு வந்திருப்பதால் உங்கள் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாட்டி, பெரியம்மா, சித்தி, அத்தை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருக்கிறதா என்று விசாரித்து எழுதிவைத்து, அம்மாவின் அடுத்த செக்கப்பில் ஆன்காலஜிஸ்டிடம் காட்டுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா, மேமோகிராம் 40-இல் தொடங்குவதா அதற்கு முன்பா என்று அவர் சொல்வார்.